எல்லா வேட்டையும் ஆடும் நாய்

வலசைக்குளத்தில் நிருபர் செண்பகராஜ் வீட்டு நாய் பதினோரு நாட்களில் நாற்பத்தாறு மாப்பிள்ளைகளைச் சட்டைக் கையைக் கவ்விக் கூட்டிவந்து வாசலில் உட்காரவைத்த அந்த ஆனி மாதத்தில், எங்கள் தெருவில் முதலில் தட்டுப்பாடு வந்தது ரவைக்குத்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் கேசரி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அவர் தானாக வந்தாரா, நாய் கொண்டுவந்ததா என்பதெல்லாம் கேசரிக்குப் பிறகு விசாரிக்க வேண்டிய விஷயங்கள்.

நாயை வாங்கியது அதற்கு முந்தைய வருஷம் சித்திரையில். செண்பகராஜ் ஒரு நாளிதழுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பகுதிநேர நிருபர். அவருக்கு ராஜபாளையம் நாய்தான் வேண்டும், வெள்ளையாக, உயரமாக, போட்டோவில் நன்றாக விழுகிற மாதிரி. அவர் மனைவி குருவம்மாளுக்கு மொட்டைமாடியில் வடகம் காயும்போது மயில் கொத்தாமல் பார்த்துக்கொள்கிற நாய் போதும், அது எந்த ஜாதியானாலும் சரி. மகள் பேச்சி விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள், அவளுக்கு எந்த நாய் வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பேச்சி பேசமாட்டாள். ஊமை இல்லை, கூச்சம். சொல்ல வேண்டியதைச் சின்னச் சீட்டில் அழகான கையெழுத்தில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே செருகிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். 'மஞ்சள்தூள் தீர்ந்தது.' 'சித்தி போன் செய்தார், கோபமாக இருக்கிறார்.' 'எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.'

நாய் வளர்க்கிற வெள்ளைத்தாய், பருத்தி மில்லுக்குப் பின்னால் இருந்த தன் தோட்டத்து வாசலிலேயே மூன்று பேரையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்.

"பகல்ல வீட்ல ஆள் இருக்குமா?"

"இருக்கும்."

"சங்கிலி போடுவீங்களா?"

"நாய்னா போடணும்ல?" என்றார் செண்பகராஜ்.

"போட்டா அது நாயில்ல, தூணு. காலைல தெனம் அஞ்சு கிலோமீட்டர் யாரு ஓடுவா?"

செண்பகராஜ் தன் வயிற்றைப் பார்த்தார். குருவம்மாளும் அதையே பார்த்தாள். பேச்சி, வகுப்பில் தூக்குவதுபோல, கையைத் தூக்கினாள்.

வெள்ளைத்தாய் உடனே குரலை இறக்கிக்கொண்டு, இனி அவளிடம் மட்டும் பேசினால் போதும் என்பதுபோல, கம்பி வேலிக்குள் கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். "இந்தா நிக்கிற ராஜபாளையம் காவலுக்கு. கோம்பை பன்னிக்குப் போகும். சிப்பிப்பாறை முயலுக்கு ஓடும். அந்த மூலைல படுத்திருக்கே சாம்பல் குட்டி, அதோட ஆத்தா சிப்பிப்பாறை, அப்பன் யாருன்னு எனக்குத் தெரியும், ஆனா சொல்லமாட்டேன். அது எல்லா வேட்டையும் ஆடும்."

"எல்லா வேட்டையும்னா?" என்றார் செண்பகராஜ்.

"எல்லா வேட்டையும்னா எல்லா வேட்டையும்தான். காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போயிராதீங்க, முயலைத் தொட்டா கேஸ் ஆயிரும். வீட்லயும் வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க."

கடைசியில் சொன்னதை அவர் தன் தொழிலைப் பற்றிய குத்தல் என்று எடுத்துக்கொண்டார்.

குட்டிக்குத் துணுக்கு என்று பெயர் வைத்தது அவர்தான். பத்திரிகையில் ஓரத்தில் வருகிற சின்னச் செய்திக்கு அதுதான் பெயர். துணுக்கு ஒரு வருஷத்தில் பெட்டிச் செய்தியாக வளர்ந்தது. முறம் மாதிரி மார்பும், இல்லாத வயிறும், வெளியே தெரிகிற விலா எலும்புமாக அது நடந்துபோனால், தெருவில் புதிதாக யார் வந்தாலும், "ஏம்மா, வாயில்லாச் சீவனுக்குச் சோறு போடக்கூடாதா?" என்று குருவம்மாளைத் திட்டிவிட்டுப் போவார்கள், அவளும், "போடறேங்க, அது திங்கிறது ஓட்டத்துக்கே சரியாப் போயிருது" என்று பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் பதில் சொல்வதை விட்டு, நாயின் சாப்பாட்டுத் தட்டை வாசலில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள். விடியற்காலையில் பேச்சி அப்பாவின் பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு அதோடு பைபாஸ் ரோட்டில் ஓடினாள்.

செண்பகராஜ் செய்திகளைப் போனில் உரக்கச் சொல்லுவார். பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும் என்பதால் சிலர் பத்திரிகை வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் முற்றத்தில் நடந்துகொண்டே, "மாவட்டத் தடகளப் போட்டி, கமா, வலசைக்குளம் அரசுப் பள்ளி மாணவிகள் பதக்க வேட்டை, முற்றுப்புள்ளி" என்று சொல்லிமுடித்தார். துணுக்கு காதை நிமிர்த்தி, கம்பிக்கதவைத் தாண்டிப் போய், சாயங்காலம் பதினோரு பதக்கங்களோடு திரும்பியது. எல்லாம் மற்றப் பள்ளிகளுடையவை. ஒன்றில்கூடப் பல் தடம் இல்லை.

வணிகர் சங்கத் தேர்தலின்போது அவர், "வேட்பாளர்கள் தீவிர ஓட்டு வேட்டை" என்றார். துணுக்கு தீவிரமாகவே இறங்கி, மூன்று நடையில் முப்பத்தொரு ஓட்டுகளைக் கொண்டுவந்தது. ஓட்டு நாவல்பழ அளவில், நாவல்பழ நிறத்தில், வெதுவெதுப்பாக இருந்தது. காதோடு வைத்துக் கேட்டால் உள்ளே யாரோ ஒரு பெயரை முணுமுணுப்பது கேட்டது. ஓட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போய், இட்லியா தோசையா என்று கேட்டால்கூட "எதுனாலும் சரி" என்றார்கள். குருவம்மாள் அவற்றை இட்லித் தட்டில் பரப்பி ஈரத் துணியால் மூடிவைக்க, உரியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"அக்கா, என் ஓட்டு இங்கன இருக்கா?"

"அடையாளம் சொல்லு."

"லேசா நசுங்கியிருக்கும். ரெண்டு பேருக்கும் போடறேன்னு சொல்லியிருந்தேன்."

அதன் பிறகு தெருவில் யாரும் 'வேட்டை' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. பால்ச்சாமி டீக்கடையில் 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்ற பலகைக்குக் கீழே 'வே-யும்' என்று சாக்பீஸில் எழுதினார்கள். செண்பகராஜும் வீட்டில் இருக்கும்போது அந்தச் சொல் வரும் செய்திகளைச் சைகையில் முயன்று, தோற்று, தெருமுனைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் இதற்குப் பழகிக்கொண்டோம்.

இப்படி இருக்கையில்தான் பேச்சிக்கு வேலை கிடைத்தது. ராமேஸ்வரம் போகிற வழியில், பாம்பன் பாலத்துக்கு முன்னால், மண்டபம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கடலுக்கு அடியில் வளரும் புல்லைக் கணக்கெடுக்கிற வேலை. தண்ணீருக்கு அடியில் யாரும் பேசச் சொல்லமாட்டார்கள் என்பதால் அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்ட வேலை அது ஒன்றுதான். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி பத்து மணிக்குள் நேரில் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் ஃப்ரிட்ஜில் சீட்டு வைத்தாள்.

'28ஆம் தேதி வெள்ளி, காலை 10 மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். உங்கள் சம்மதம் வேண்டும்.'

செண்பகராஜ் அதை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"ஏ குருவு! இங்க வா. பிள்ளையே மண்டபம் பிடிச்சிருச்சு. நாளும் குறிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான் ராகு காலம், பத்து மணின்னு போட்டிருக்கா பாரு, என்னா விவரம்!"

"மாப்பிள்ளை யாரு?"

"அது போடலை. அது நம்ம பொறுப்புன்னு விட்டிருக்கா."

சந்தோஷத்தில் மச்சினருக்குப் போன் போட்டார். "மச்சான், பன்னெண்டு நாள்தான் இருக்கு. மாப்பிள்ளை வேட்டையில தீவிரமா இறங்கணும்!" என்றார். சொல்லிமுடித்தபின்தான் நாக்கைக் கடித்தார். கம்பிக்கதவுக்கு மேலே ஒரு சாம்பல் நிற வால் மட்டும் தெரிந்து மறைந்தது.

முதலில் வந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர், கையில் யாருடைய இருமல் மருந்துச் சீட்டோ இருந்தது. அடுத்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தார். மூன்றாவது வந்தவர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர், நடந்துகொண்டே படித்துக்கொண்டு வந்தார். துணுக்கு யாரையும் கடிக்கவில்லை. சட்டைக் கையைப் பூவை எடுப்பதுபோல எடுத்து, அவர்கள் வேகத்துக்கே நடந்து, வாசலில் விட்டுவிட்டு, முன்னங்காலில் ஒன்றைத் தூக்கிப் பேச்சியின் அறை ஜன்னலைக் காட்டிவிட்டுத் திரும்பவும் ஓடியது. எழுந்து போனவரை அடுத்த நடையில் திரும்பக் கொண்டுவந்தது. குருவம்மாள் பழக்கத்தில், "வாங்க தம்பி, உக்காருங்க. காப்பி சாப்பிடுங்க. என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள்.

மூன்றாம் நாள் மாவு மில்காரர் பந்தல் போட்டார். ஐந்தாம் நாள் தெருப் பெண்கள் கேசரிக்கு முறை வைத்துக்கொண்டார்கள். கல்யாணத் தரகர் உலகநாதன், "என் வயித்துல நாயை விட்டு அடிக்கிறீங்களே" என்று அழுதுகொண்டே வந்து, பந்தலைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, ஒரு மேசையைப் போட்டு எல்லோருடைய ஜாதகத்தையும் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். காலை ஓட்டத்துக்கு நாயைக் கூட்டிப்போகும் உரிமைக்கு மாப்பிள்ளைகளுக்குள் போட்டி வந்தது. அதில் ஒரு சிக்கல்: காலையில் துணுக்கோடு ஆறு பேர் ஓடிப் போனால் ஒன்பது பேராகத் திரும்பினார்கள். எதிர்வீட்டு ஜோதிலட்சுமியின் அம்மா குருவம்மாளை ஓரமாக இழுத்து, "உங்க பிள்ளைக்கு வேண்டாம்னா, அந்த நாலாவது சேர்ல இருக்கிற தம்பியை நாங்க கேட்டுக்கட்டுமா?" என்றாள். அப்படி இரண்டு நிச்சயதார்த்தம் பந்தலிலேயே நடந்தது.

பேச்சி ஜன்னல் வழியாக ஒவ்வொருவரையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். இரண்டாவது சீட்டு வைத்தாள்: 'நீங்கள் நினைக்கிற மண்டபம் இல்லை.'

"சின்ன மண்டபம்னு நினைச்சிட்டோமாம்," என்றாள் குருவம்மாள். "ஏசி மண்டபம் போல."

மூன்றாவது சீட்டு: 'கடற்கரையில் உள்ள மண்டபம்.'

"இப்ப அதுதான் ஃபேஷன்," என்றார் செண்பகராஜ். "மணல்ல நின்னு தாலி கட்டுறாங்க."

நான்காவது சீட்டு: 'வெள்ளிக்கிழமை போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.'

"கொடுத்துருவானுங்க, சீசன்ல!" என்று அவர் பதறி, பந்தலில் இன்னும் நாற்பது நாற்காலி போடச் சொன்னார்.

பேச்சி வாயைத் திறந்தாள். பந்தலில் இருந்த முப்பத்தெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டாள்.

எட்டாம் நாளோடு சுற்று வட்டாரத்தில் கல்யாணமாகாத ஆண்கள் தீர்ந்துபோனார்கள். ஒரு நல்ல வேட்டை நாய்க்கு, வேட்டையை நிறுத்த இது ஒரு காரணம் இல்லை. துணுக்கு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சை, அதாவது மாப்பிள்ளை பெஞ்சை, பற்களால் இழுத்துக்கொண்டு வந்தது. தலைமையாசிரியர் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே வந்தார். அரிசிக் கடையிலிருந்து மாப்பிள்ளைச் சம்பா இரண்டு சிப்பம் வந்தது. பிறகு, யோசித்துப் பார்த்தால் எந்த ஆண்பிள்ளையும் ஏதோ ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதானே என்ற முடிவுக்கு நாய் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஊரில் எந்தக் கணவனுக்கும் பாதுகாப்பில்லை. டீக்கடையில் "என்ன மாப்ளே" என்று ஒருவன் வாயெடுத்தால் போதும், கூப்பிடப்பட்டவன் பத்து நிமிஷத்தில் பந்தலில் இருந்தான். பிறந்ததிலிருந்து மாப்ளே மச்சான் என்று பேசிப் பழகியவர்கள், "வாங்க சார், பீடி இருக்குங்களா சார்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆள் அனுப்பித் தகவல் சொன்னால், மனைவிமார்களில் பாதிப் பேர், "இருக்கட்டுங்க்கா, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்றார்கள்.

குருவம்மாள் வெள்ளைத்தாய்க்குப் போன் போட்டாள்.

"சொன்ன வாய்தான் கலைக்கணும்," என்றார் வெள்ளைத்தாய். "உங்க வீட்டுக்காரரு, வேட்டை கலைஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"கலைக்கிறதா?" என்று செண்பகராஜ் குதித்தார். "பிள்ளை மண்டபம் பிடிச்சு வச்சிருக்கா. அதுவும் இல்லாம, இருபத்திரண்டு வருஷத்துல நான் கொடுத்த ஒரு செய்திக்குத் திருத்தம்னு வந்ததில்ல. தெரியும்ல?"

வெள்ளிக்கிழமை வந்தது. மண்டபம் வழியாகப் போகும் ராமேஸ்வரம் பஸ் விடியற்காலை ஐந்தரைக்கு. அதை விட்டால் பத்து மணிக்குள் போய்ச் சேர வேறு வழியில்லை. ஐந்து மணிக்குப் பேச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அந்த பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் அருப்புக்கோட்டை மாப்பிள்ளை, கண்டக்டர் இதே ஊர் மாப்பிள்ளை. பஸ் ஸ்டாண்டில் வண்டி இன்ஜின் ஓடியபடி தனியாக நின்றுகொண்டிருப்பது இங்கே வரை கேட்டது. ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தால் துணுக்கு வந்து திரும்ப உட்காரவைத்தது.

பேச்சி ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினாள். அதற்குள் தெருமுனையில் சத்தம் கேட்டது. பத்திரிகைக் கட்டைப் பிரிக்க டீக்கடைக்குப் போயிருந்த செண்பகராஜை, வேட்டி நுனியைக் கவ்வித் துணுக்கு கூட்டிக்கொண்டு வந்தது. அவர், "ஏய், நான்டா, நான்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரும் இந்த ஊர் மாப்பிள்ளைதான். குருவம்மாள் பிறந்தது மேலத்தெருவில்.

துணுக்கு அவரைக் காலி நாற்காலியில் உட்காரவைத்து, முன்னங்காலைத் தூக்கி ஜன்னலைக் காட்டியது. காப்பித் தட்டோடு வந்த குருவம்மாள், பதினோரு நாள் பழக்கத்தில், முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"வாங்க தம்பி, காப்பி சாப்பிடுங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"நிருபர்," என்றார் செண்பகராஜ், அவரும் யோசிக்காமல்.

"நிரந்தரமா?"

"பகுதி நேரம்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு... ஏய்! குருவு!"

பந்தலே சிரித்தது. தரகர் உலகநாதன், "இந்த ஜாதகத்தைக் கடைசில எழுதிக்குவோம்" என்றார். மருந்துக்கடைக்காரர் சிரித்துப் புரையேறி இருமினார். கண்டக்டர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு இருபதுங்க," என்றார்.

"அப்பா," என்றாள் பேச்சி.

சிரிப்பு நின்றது. எங்களில் பலருக்கு அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. லேசான கரகரப்போடு, நாங்கள் நினைத்திருந்ததைவிடக் கனமான குரல்.

"அப்பா, மண்டபம்னா ஊரு."

"எந்த ஊரு?"

"மண்டபம்."

"அதாம்மா, எந்த ஊரு மண்டபம்?"

"மண்டபம்கிற ஊரு! ராமேஸ்வரத்துக்கு முன்னால! எனக்கு வேலை கெடச்சிருக்கு. பத்து மணிக்குள்ள போய்ச் சேரணும். கடல்ல புல்லு எண்ணணும்."

"கடல்ல ஏது புல்லு?" என்றார் ஹெல்மெட் மாப்பிள்ளை.

"இருக்கு," என்றாள் பேச்சி, அவரை நேராகப் பார்த்து. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

செண்பகராஜ் மகளையும் அவள் தோளில் இருந்த பையையும் பார்த்தார். பிறகு நிருபர்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஆர்டர் எப்ப வந்துச்சு?"

"பன்னெண்டு நாளாச்சு. நாலு சீட்டு வச்சேன்."

"என் வீட்டு ஃப்ரிட்ஜ்லயே," என்று அவர் மெதுவாகச் சொன்னார், "பன்னெண்டு நாளா ஒரு செய்தி தொங்கிட்டிருந்திருக்கு." குருவம்மாள், "தனியாவா தாயி போவ?" என்றாள். "துணுக்கு வரும்," என்றாள் பேச்சி. அம்மா மாடியைப் பார்த்து, வடகத்தை நினைத்து, பெருமூச்சு விட்டு, உள்ளே போய் ஒரு தூக்குவாளி நிறையக் கேசரியோடு வந்தாள்.

"அஞ்சு இருபத்தாறு," என்றார் கண்டக்டர்.

செண்பகராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். துணுக்கு வேட்டி நுனியை மறுபடி கவ்வி உறுமியது. அவர் எழுந்தபடியே நின்று, வேட்டியைச் சரிசெய்து, காதில் இல்லாத போனைப் பிடித்துக்கொள்வதுபோலக் கையை வைத்து, பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும் குரலில் சொன்னார்.

"திருத்தம், முற்றுப்புள்ளி. பேச்சிக்கு மாப்பிள்ளை வேட்டை நடப்பதாக நிருபர் செண்பகராஜ் கொடுத்த தகவல் தவறு, முற்றுப்புள்ளி. வேட்டை கலைஞ்சது, முற்றுப்புள்ளி. தவறுக்கு..." இங்கே கமா எங்கே போடுவது என்று தெரியாமல் தடுமாறி, "தவறுக்கு வருந்துறேன்மா" என்றார்.

துணுக்கு வேட்டி நுனியைத் துப்பிவிட்டு, கொட்டாவி விட்டது. நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. டிரைவர் ஓடினார், கண்டக்டர் ஓடினார், பேச்சியும் நாயும் அவர்களை முந்திக்கொண்டு ஓடினார்கள், ஊருக்குத் திரும்ப வேண்டிய மாப்பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். ஐந்து முப்பத்தொன்றுக்கு பஸ் கிளம்பியது.

மற்றதை மறுநாள் கண்டக்டர் சொல்லித்தான் கேட்டோம். பேச்சி மண்டபத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டிருக்கிறாள். நாய்க்கு லக்கேஜ் போட்டுக்கொண்டே அவர், "கடல்ல நெசமாவே புல்லு இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். எத்தனை வகைப் புல், எந்த ஆழத்தில் எது, அதை மேய வருகிற கடற்பசு எப்படி இருக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று சொல்லிக்கொண்டே போனாள். பஸ் பார்த்திபனூரைத் தாண்டியது, பரமக்குடியைத் தாண்டியது, அவள் நிறுத்தவில்லை. வழியில் இறங்க வேண்டிய மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராக, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட, ஒன்பதே முக்காலுக்கு ஜன்னலில் கடல் தெரிந்தபோது பதினேழு பேர் உள்ளே இருந்தார்கள்.

"எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டுட்டிருந்தோம்," என்றார் கண்டக்டர். "நாய் மட்டும் படுத்துத் தூங்குது. என்னம்மா இது, உன் நாய்க்கு இதுல ஆர்வமே இல்லையான்னு கேட்டேன். 'அது இதையெல்லாம் எப்பவோ கேட்டுருச்சுங்க, ஒரு வருஷமா காலைல ஓடறப்ப அதுகிட்டத்தான் பேசிட்டிருந்தேன்'னு சொல்லிட்டு, ஷூ கயித்தை இறுக்கிக் கட்டிக்கிட்டு இறங்கிப் போயிருச்சு."